நானூறு ஆணிகளும் ஒரு அங்காளம்மனும்

சுடர்விழிக்கு வரிசை என்றாலே ஆகாது. ஒன்பது வயதில் நெல்லித்தோப்பு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்க நின்றபோதே அது எல்லோருக்கும் தெரிந்துபோனது. கடைக்காரர் வந்தவர்களின் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார். யார் பெயரைக் கேட்டாலும் மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். எழுபது கார்டு இருந்தால் எழுபதையும் புரட்டுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து.

"மாமா, கார்டு நம்பர்ல கடைசி எண்ணப் பாத்து பத்து டப்பால பிரிச்சுப் போட்டீங்கன்னா, நேரா அந்த டப்பாவுக்கே போயிடலாமே" என்றாள் சுடர்விழி.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவளுடைய கார்டைத் தேடி எடுத்து, அடுக்குக்கு அடியில் செருகினார்.

அன்று அவள் வீடு திரும்பியபோது மதியம் இரண்டு மணி. "உன்ன எண்ணெய் வாங்கத்தானே அனுப்புனேன், அவருக்குப் பாடம் நடத்தவா அனுப்புனேன்?" என்று அம்மா செல்வாம்பாள் கேட்டார். ஆனால் பத்து டப்பா யோசனை மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பத்து வருடம் கழித்து, பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஆசிரியர் டிக்‌ஷனரி என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். சொற்களுக்குப் பொருள் சொல்லும் அகராதி இல்லை இது. கம்ப்யூட்டர் தன் நினைவில் தகவல்களை வைத்துக்கொள்ளும் ஒரு முறை. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சாவி உண்டு. சாவியைக் கொடுத்தால், தகவல் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நேராக அங்கேயே போய்விடும். முதலிலிருந்து தேடாது. பத்து தகவல் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான்.

"சார், இது ரேஷன் கார்டு சார்!" என்று சுடர்விழி எழுந்து கத்தினாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் உட்காரச் சொன்னார்.

படிப்பு முடிந்த பிறகு புரோகிராம் எழுதச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நெல்லித்தோப்பிலேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்தது. மதியம் மூன்றிலிருந்து ஏழுவரை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தரவேண்டும். ஒன்றரை வருடத்தில் அவள் மேற்பார்வையில் கிட்டத்தட்ட முந்நூறு தென்னை மரங்களும் முந்நூறு சூரியன்களும் உதித்திருந்தன. டிக்‌ஷனரி ஒன்றுகூட இல்லை.

அவளுடைய அப்பா இராமதாஸ் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை வேலை போனதும், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனையைப் பிடித்து இருசக்கர வண்டி ஸ்டாண்டு போட்டார். மனை முத்தியால்பேட்டை இரும்புக்கடை சக்கரபாணிக்குச் சொந்தம். ஒரு வருடத்துக்கு ஒரு குத்தகைத் தாள். வருடா வருடம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டாண்டு. நெருக்கி நிறுத்தினால் நானூறு வண்டி பிடிக்கும். காலை ஆறு மணிக்குள் மீன்காரர்கள், பூக்காரர்கள், அப்புறம் காய்கறி வாங்க வருபவர்கள், அப்புறம் கடைப்பிள்ளைகள் என்று ஒரு நாளைக்கு எழுநூறு, எழுநூற்றைம்பது வண்டி வந்து போகும்.

வண்டிகளை நிறுத்துவதும் எடுத்துக் கொடுப்பதும் அம்மாவாசையின் வேலை. இராமதாஸுடன் அதே ஆலையில் இருந்தவர். தொழிலாளர்கள் உள்ளே வரும்போது டோக்கன் வாங்கி மாட்டும் அறையில் இருபது வருடம் இருந்தார். ஆலையை விட்டு வரும்போது மற்றவர்கள் கணக்கு முடித்த தாளோடு வந்தார்கள். அம்மாவாசை ஒரு பலகையோடு வந்தார். அதில் வரிசையாக நானூறு ஆணிகள், ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஒரு எண், ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன். அதுதான் ஸ்டாண்டின் முதல் சொத்து.

2006 ஆம் வருடம் தை மாதக் கடைசியில் ஒரு சம்பவம் நடந்தது. யாரோ ஒருவன் கீழே கிடந்த டோக்கனை எடுத்துக்கொண்டு வந்து, பளபளவென்று இருந்த ஒரு வண்டியைத் தள்ளப் பார்த்தான். வண்டிக்காரர் அந்த நேரத்தில் வந்ததால் பிடிபட்டான். விஷயம் சக்கரபாணி காதுக்குப் போனது. மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"இராமதாஸு, நாளைக்கு ஒரு வண்டி மாறிப் போச்சுன்னா போலீசு உன்னத் தேடாது, மனை யாருதுன்னுதான் கேக்கும். மெட்ராசுல எல்லா ஸ்டாண்டுலயும் கம்ப்யூட்டர் வெச்சுட்டான். கடலூர் ரோட்டுக்காரன் ஒருத்தன் தெனம் எங்கிட்ட வந்து நிக்கிறான், கம்ப்யூட்டரோட வர்றேன்றான். ஒரு மாசம் டைம். மாசி கடைசில வந்து பாப்பேன். கம்ப்யூட்டர் ஓடுனா தாள்ல கையெழுத்து. இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்கோ."

இராமதாஸ் மகளைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில், முந்நூறு தென்னை மரங்களுக்கும் சேர்த்து ஒரு நம்பிக்கை இருந்தது.

"நான் எழுதறேம்பா" என்றாள் சுடர்விழி.

சென்டரில் கழித்துக் கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரும், அச்சடிக்கும்போது மாவு மில் மாதிரி சத்தம் போடும் ஒரு பிரிண்டரும் வந்தன. சக்கரபாணியே ஒரு தகர போர்டு எழுதி அனுப்பினார்: 'கம்ப்யூட்டர் சொல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகக் கூடாது. உத்தரவு.' அதை வாசலில் மாட்டினார்கள். ஆணிப் பலகையைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். டோக்கன்கள் ஒரு சாக்குக்குள் போயின. மறுநாளிலிருந்து அம்மாவாசை தன் சட்டையை 211 ஆம் ஆணியிலும், சோற்றுப் பையை 212 ஆம் ஆணியிலும் மாட்ட ஆரம்பித்தார்.

முதல் புரோகிராமை சுடர்விழி மூன்றே நாளில் எழுதினாள். அவசரத்தில், தனக்கு நன்றாகத் தெரிந்த டிக்‌ஷனரியை விட்டுவிட்டு ஒரு சாதாரணப் பட்டியலை வைத்தாள். அதுதான் சீக்கிரம் எழுத வந்தது. புது வண்டி ஒன்று வந்தால் அந்தப் பட்டியல் என்ன செய்யும் தெரியுமா? ஒரு இடம் கூடுதலாக உள்ள புதுப் பட்டியல் ஒன்றைக் கட்டும். பழைய பட்டியலில் இருக்கும் எல்லா வண்டிகளையும் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றும். கடைசி இடத்தில் புது வண்டியை எழுதும். ஒரு விருந்தாளி வந்ததற்காகப் பெரிய வீடு பிடித்து, பானை சட்டியோடு குடி மாறுவது போல. அடுத்த விருந்தாளி வந்தால் அடுத்த வீடு.

இன்னொன்றும் நடந்திருந்தது. வெளியே போன வண்டியைப் பட்டியலிலிருந்து அழிக்க அவள் மறந்துவிட்டாள்.

மாசி ஒன்றாம் தேதி புரோகிராம் ஓட ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் பறந்தது. ஐந்தாம் நாள் யோசித்து யோசித்து வேலை செய்தது. பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு ஒரு வண்டியைப் பதிய ஒன்பது நொடி ஆயிற்று. வாசலில் நின்ற வண்டிகளின் வரிசை தெருமுனை திரும்பி, மீன் அங்காடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வரிசை பிடிக்காத சுடர்விழி தன் கையாலேயே நெல்லித்தோப்பு ரேஷன் கடையை விட நீளமான ஒரு வரிசையை உண்டாக்கியிருந்தாள்.

"யம்மா, மீன் வித்து முடிக்கறதுக்குள்ள கருவாடு ஆயிடும்போல!" என்று ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

அம்மாவாசை திரையை எட்டிப் பார்த்தார். 'உள்ளே உள்ள வண்டிகள்: 8416' என்றிருந்தது.

"பாப்பா, நானூறு வண்டியவே தோள் ஒரச நிக்க வெச்சிருக்கேன். மிச்சம் எட்டாயிரம் எங்க இருக்கு? மாடிகூட நமக்குக் கெடையாதே."

அன்று சாயங்காலம் சென்டரில் பிள்ளைகள் தென்னை மரம் வரைந்துகொண்டிருக்க, சுடர்விழி கடைசி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள்.

இந்த முறை முறையாகச் செய்தாள். 'வண்டி' என்று ஒரு வகுப்பை எழுதினாள். வகுப்பு என்றால் அச்சு மாதிரி. ஒவ்வொரு வண்டிக்கும் நிறம், வகை, வந்த நேரம், நிற்கும் வரிசை எல்லாம் அந்த அச்சில் வார்க்கப்படும். வார்த்த வண்டியை டிக்‌ஷனரிக்குள் போடவேண்டும். சாவி எது? வண்டி எண்தான். உலகத்தில் ஒரு எண்ணுக்கு ஒரு வண்டிதானே. டிக்‌ஷனரியை உண்டாக்கும்போதே 'நானூறு பேர் வருவார்கள், இடம் ஒதுக்கி வை' என்று சொல்லிவிட்டாள். அதனால் நடுவில் வீடு மாற்றும் வேலை இல்லை. வெளியே போனால் அந்தச் சாவியை நீக்கிவிடும்படி மறக்காமல் எழுதினாள்.

அதுவரை இரவுதோறும் பழைய பட்டியலைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்கள்; இருபத்து நாலாம் நாள் புதுப் புரோகிராம் ஏறியது. அம்மாவாசை வண்டியின் நம்பர் போர்டைப் பார்த்து உரக்கச் சொல்வார், இராமதாஸ் ஒற்றை விரலால் தட்டுவார், பிரிண்டர் சீட்டைத் துப்பும். கம்ப்யூட்டருக்கு ஆகும் நேரம் கண் சிமிட்டுவதற்குள். மிச்ச நேரமெல்லாம் இராமதாஸின் விரலுக்கு.

இருபத்து ஏழாம் நாள் சுடர்விழி சென்டரில் இருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"சுடரு, பொட்டி நின்னு போச்சும்மா. என்னமோ இங்கிலீசுல கட்டம் கட்டி வந்துது, அப்பறம் எல்லாம் மறஞ்சு போச்சு."

"என்னப்பா எழுதியிருந்துச்சு?"

"ஏற்கெனவே இருக்குன்னு திட்டுதாம், சீட்டு வாங்க வந்த பையன் படிச்சுச் சொன்னான்."

அவளுக்கு உடனே புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தாள். டிக்‌ஷனரியில் புதிதாக ஒன்றைப் போட இரண்டு வழி உண்டு. 'சேர்' என்று சொன்னால், அதே சாவி ஏற்கெனவே உள்ளே இருந்தால் அது கத்தும். கத்தலை நாம் கவனிக்காவிட்டால் புரோகிராமே நின்றுவிடும். 'இந்தச் சாவிக்கு இதை வை' என்று சொன்னால் கத்தாது. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்துக்கொள்ளும்.

மீன்காரர்கள் சிலர் சீட்டைக் கொடுக்காமல் பக்கத்துச் சந்து வழியாக வண்டியை ஓட்டிப் போவது அவளுக்குத் தெரியும். அவர்கள் வண்டி கணக்கில் உள்ளேயே இருக்கும். மறுநாள் வந்தால் 'ஏற்கெனவே இருக்கு' என்று கத்தத்தான் செய்யும். பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வைத்தால் தீர்ந்தது. ஒரே ஒரு வரியை மாற்றினாள். கத்தல் நின்றது. அழுத குழந்தையின் வாயில் துணியை அடைத்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறது என்று அவள் நிம்மதியாகப் போனாள்.

முப்பதாம் நாள் காலை எட்டரை மணிக்கு சக்கரபாணி வந்தார். மருமகனுக்காக வாங்கிய புத்தம் புது கறுப்பு ஸ்ப்ளெண்டரில், பழக்கிக் கொடுப்பதற்காகத் தானே ஓட்டி வந்தார். முன்னால் எலுமிச்சம்பழம், கைப்பிடியில் மஞ்சள் துணி, சக்கரத்தில் இன்னும் நூல் நூலாகப் புது ரப்பர்.

"எல்லாரையும் போலத்தான் நானும். சீட்டு போடு" என்றார்.

அம்மாவாசை போர்டைப் பார்த்து உரக்கச் சொன்னார். இராமதாஸ் தட்டினார். பிரிண்டர் மாவரைத்தது. சீட்டு வந்தது. நாலு நொடி. சக்கரபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மார்க்கெட்ல வேல இருக்கு. வந்து மத்ததப் பேசலாம்" என்று நடந்தார்.

சுடர்விழிக்கு நெஞ்சு லேசானது. பதினோரு மணிக்கு அவருக்கும் சேர்த்துக் காபி வாங்கி வரப் போனாள்.

அவர் திரும்பி வந்தபோது பதினொன்றேகால். இரண்டு பை நிறையக் காய்கறி. முகத்தில் கையெழுத்துப் போடும் களை. சீட்டை நீட்டினார். இராமதாஸ் தட்டினார். பிறகு மறுபடியும் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது முறை தட்டினார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லண்ணே. வந்து... வண்டி உள்ள இல்லன்னுது."

"எது உள்ள இல்ல?"

"உங்க வண்டி."

சக்கரபாணி தலையைத் திருப்பினார். பத்தடி தள்ளி, முதல் வரிசையில், எலுமிச்சம்பழத்தோடு வண்டி நின்றுகொண்டிருந்தது.

"அதோ நிக்குதே!"

"நிக்குதுண்ணே" என்று இராமதாஸ் ஒத்துக்கொண்டார்.

சக்கரபாணி விறுவிறுவென்று போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசலில் சங்கிலி. சங்கிலிக்குப் பின்னால் அம்மாவாசை.

"சங்கிலிய அவுறு."

அம்மாவாசை மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆனால் சங்கிலியை அவிழ்க்கவில்லை. தலைக்கு மேலே மாட்டியிருந்த தகர போர்டைக் காட்டினார்.

"கம்ப்யூட்டர் சொல்லாம எந்த வண்டியும் வெளிய போவக் கூடாதுங்க. உத்தரவு."

"அந்த உத்தரவப் போட்டவனே நான்தான்டா!"

"அதான் ஐயா பயமா இருக்கு. வேற யாரு போட்டிருந்தாலும் அவுத்திருப்பேன்."

காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நாலு பேர், எட்டுப் பேர், பதினைந்து பேர் என்று கூடிவிட்டார்கள். "பெரியவரு வண்டிய விடமாட்றாங்களாம்" என்று ஒருவர் அடுத்தவருக்குச் சொன்னார். "யாரு வண்டிய எடுக்கப் பாத்தாரு?" என்று அந்த அடுத்தவர் கேட்டார். அது சக்கரபாணி காதில் விழுந்தது. அவர் முகம் மிளகாய்ப்பழ நிறத்துக்கு வந்தது.

காபித் தம்ளர்களோடு வந்த சுடர்விழி அவற்றை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் ஓடினாள். ஸ்டாண்டு போனால் அப்பாவுக்கு வேறு வழி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவாசைக்கும் அப்படித்தான்.

"அப்பா, இவரு வண்டிக்கு என்ன நம்பர் போட்டீங்க?"

"நம்பர் இன்னும் வரலியேம்மா. புது வண்டி."

"அப்ப என்ன போட்டீங்க?"

"போர்டுல இருக்கறதப் போடச் சொன்னியே. அதப் போட்டேன்."

சுடர்விழி எழுந்து வண்டியின் முன்னால் போய்ப் பார்த்தாள். எண் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்தில் 'அங்காளம்மன் துணை' என்று எழுதியிருந்தது.

இந்த ஊரில் புது வண்டி எடுத்தால் நேராகக் கோயிலுக்குத்தான் ஓட்டிப் போவார்கள். எண் வரும்வரை குலதெய்வத்தின் பேர்தான் போர்டில் இருக்கும். பாதிப் பேருக்கு மேல்மலையனூர் அங்காளம்மன்தான் குலதெய்வம்.

"அப்பா, இவருக்கு அப்பறம் வேற அங்காளம்மன் வந்துச்சா?"

"வந்துதே. பூக்கட கமலவேணி புது ஸ்கூட்டி எடுத்திருக்கா. ஒம்போது மணிக்கு வந்தா, பத்தே முக்காலுக்குப் போயிட்டா."

அவ்வளவுதான். எட்டரைக்கு சக்கரபாணியின் அங்காளம்மன் உள்ளே வந்தது. ஒன்பதுக்குக் கமலவேணியின் அங்காளம்மன் வந்து, கத்தாமல், சண்டை போடாமல், அதே இடத்தில் உட்கார்ந்து, சக்கரபாணியின் வண்டியைத் தூக்கி எறிந்தது. பத்தே முக்காலுக்கு அந்தச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனது. மூன்று நாளைக்கு முன்பு கம்ப்யூட்டர் 'ஏற்கெனவே இருக்கு' என்று கத்தியதும் இதற்காகத்தான் இருக்கும். நல்லது சொன்ன வாயைத்தான் அவள் அடைத்திருந்தாள்.

"எத்தன அங்காளம்மன் இப்ப உள்ள நிக்குது மாமா?" என்று அம்மாவாசையைக் கேட்டாள்.

அவர் சங்கிலியை விடாமலேயே கண்ணை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஐயாவோட சேத்து நாலு. மத்த மூணும் விடியக்காலையிலயே வந்தது. பச்சவாழியம்மன் ரெண்டு. ஒண்ணு வேளாங்கண்ணி மாதா."

சுடர்விழி சக்கரபாணியிடம் வந்தாள். "ஐயா, தப்பு என்னுது. அரை மணி நேரம் குடுங்க. சரி பண்ணி, கம்ப்யூட்டர் சொல்லியே உங்க வண்டிய அனுப்பறேன்."

"அரை மணி நேரமா? எனக்கு முருங்கக்கீர வாடுதும்மா!"

"சங்கிலிய அவுக்கச் சொல்லவா? போர்டக் கழட்டச் சொல்லிட்டா அவுத்துருவாங்க. உங்க உத்தரவு, நீங்களே மீறலாம்."

பதினைந்து பேர் இருபதாகியிருந்தார்கள். சக்கரபாணி அவர்களைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

சுடர்விழி திரையின் முன்னால் உட்கார்ந்தாள். சாவி தப்பு. வண்டி எண் சாவியாக இருக்கமுடியாது. ஏனென்றால் எண் இல்லாத வண்டிகள் வருகின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்றே ஒன்று, ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இருக்கவே முடியாத ஒன்று வேண்டும். எது? கையால் முகத்தை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவரில் அம்மாவாசையின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குக் கீழே எண் 211.

அவள் சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, டோக்கன் சாக்கு எங்க?"

"எதுக்கு?"

"எங்கன்னு சொல்லுங்க."

"நீ உக்காந்திருக்கற ஸ்டூலுக்கு அடியில."

வேலை சுருக்கமாகத்தான் இருந்தது. சாவி இனிமேல் டோக்கன் எண். போர்டில் இருப்பது, எண்ணோ அம்மனோ, 'வண்டி' வகுப்புக்குள் ஒரு விவரமாக இருக்கட்டும். வெளியே போகும்போது டோக்கனைக் கொடுத்தால் திரையில் வண்டியின் வகை, நிறம், போர்டு எல்லாம் வரும்; ஒத்துப்போனால்தான் சங்கிலி அவிழும். கீழே கிடந்த டோக்கனைக் கொண்டுவருபவனுக்கு அதெல்லாம் தெரியாது. தூக்கி எறியும் வரியை அழித்து, கத்துகிற 'சேர்' வரியையே திரும்ப வைத்தாள். ஆனால் இம்முறை கத்தலைப் பிடித்து, 'இந்த டோக்கன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, பலகையைப் பார்க்கவும்' என்று சொல்லும்படி செய்தாள். புரோகிராம் நிற்காது; கேட்பவர்களுக்குக் கேட்கும்.

இன்னொரு சின்னத் திருத்தமும் செய்தாள். இதுவரை ஒரு வண்டி வெளியே போகும்போது, 'உள்ளே இருக்கிறதா?' என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, 'இருக்கிறது' என்று தெரிந்தபின் அதன் விவரத்தை எடுக்க இன்னொரு முறை போய்க்கொண்டிருந்தது கம்ப்யூட்டர். அம்மாவாசை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஆணிக்குப் போவார், டோக்கன் இருந்தால் கையோடு எடுத்து வருவார், இல்லாவிட்டால் இல்லை என்பார். அதையும் ஒரே நடையாக்கினாள்; கணக்கிலிருந்து நீக்குவதை மட்டும், டோக்கன் கைக்கு வந்தபின் அழுத்தும் தனிப் பொத்தானாக வைத்தாள். காலையிலிருந்து சீட்டு வாங்கியவர்கள் அன்றைக்கு மட்டும் பழைய பட்டியலிலேயே போகட்டும், எண் இல்லாத அம்மன் வண்டிகள் மட்டும் இப்போதே டோக்கனுக்கு மாறட்டும் என்று அதைத் தனியாக வைத்தாள்.

பன்னிரண்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்தாள். "வண்டி வெளிய போகணும்னா மொதல்ல உள்ள வரணும். மாமா, சொல்லுங்க."

அம்மாவாசை சாக்கில் கைவிட்டு வந்ததை எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டுச் சக்கரபாணியிடம் நீட்டினார். "டோக்கன் எழுவத்திரெண்டு. ஸ்ப்ளெண்டர். கறுப்பு. போர்டுல அங்காளம்மன் துணை. முன்னாடி எலுமிச்சம்பழம்."

இராமதாஸ் தட்டினார். அங்காளம்மனுக்கு ஆங்கிலத்தில் பத்து எழுத்து. இந்த ஒரு வாரத்தில் அந்தப் பத்தும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. பதிந்தது.

"டோக்கன் நூத்தி அஞ்சு. பஜாஜ். செவப்பு. அங்காளம்மன் துணை."

பதிந்தது. முதல் அங்காளம்மன் அசையவில்லை.

சுடர்விழி அப்பாவை நகரச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே எழுபத்திரண்டை இன்னொரு முறை தட்டினாள். திரை கத்தியது: ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டர் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

சக்கரபாணி முக்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "பெரியவரே, இந்த ஸ்டாண்டு வேலைக்கு ஆவுமா?"

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு சங்கிலியிடம் வந்தார். இராமதாஸ் டோக்கன் எண்ணைத் தட்டினார். கறுப்பு, ஸ்ப்ளெண்டர், அங்காளம்மன் என்று திரையில் வந்தது. அம்மாவாசை போர்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைக்கூடப் பார்த்தார். சங்கிலியை அவிழ்த்தார்.

"எங்கிட்டயே என் வண்டியக் குடுக்க மாட்டேன்னவன்" என்றார் சக்கரபாணி, கூட்டத்தைப் பார்த்து, "ஊரான் வண்டிய எவனுக்குக் குடுத்துருவான்?"

அதைச் சொன்ன வேகத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். கீரைப் பை ஸ்டாண்டிலேயே கிடந்தது. செல்வாம்பாள் அன்றைக்கு முருங்கைக்கீரைப் பொரியல் செய்தார்.

ஆனால் அன்று மாலை கடைசி வண்டியும் போனபிறகு, திரையில் 'உள்ளே உள்ள வண்டிகள்: 1' என்றிருந்தது. மனை முழுக்கச் சுற்றி வந்தார்கள். ஒன்றும் இல்லை. திரும்பவும் தப்பா? சுடர்விழி ஒரு பொத்தானை அழுத்தி யார் என்று கேட்டாள். எழுபத்திரண்டு, கறுப்பு, அங்காளம்மன்.

"டோக்கன் வாங்குனீங்களா மாமா?"

அம்மாவாசை பலகையைப் பார்த்தார். மற்ற டோக்கன்களெல்லாம் சாக்கிலிருந்து பலகைக்குத் திரும்பியிருந்தன; எழுபத்திரண்டாம் ஆணி மட்டும் காலி. "அவரு வசனம் பேசிட்டிருந்தாரு. நான் கேட்டுட்டு நின்னுட்டேன்." சீட்டுக்கு மட்டும் பழகியிருந்த இராமதாஸும், டோக்கனைக் கையில் வாங்கினால்தான் வண்டியை நீக்கவேண்டும் என்று மகள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, நீக்காமல் விட்டிருந்தார்.

"நான் வேணா நீக்கிடட்டுமா?" என்றார் இராமதாஸ்.

"வேணாம்பா. அது சரியாத்தான் சொல்லுது."

மறுநாள் காலை ஐந்தரைக்கு, முதல் மீன்காரர் வருவதற்கு முன்பே சக்கரபாணி வந்துவிட்டார். ஒரு கையில் தாள். இந்த முறை ஒரு வருடத்துக்கு இல்லை, மூன்று வருடத்துக்கு. கையெழுத்தும் போட்டிருந்தார். இராமதாஸ் இரண்டு கையாலும் வாங்கி, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார்.

அம்மாவாசை தாளைப் பார்க்கவில்லை. கையை நீட்டினார்.

"என்னய்யா?"

"டோக்கனுங்க. கணக்குப்படி உங்க வண்டி நேத்திலேருந்து உள்ளதான் நிக்குது."

சக்கரபாணி சட்டைப் பையைத் தடவி, பித்தளை வில்லையை எடுத்துக் கொடுத்தார். அம்மாவாசை அதை ஆணியில் மாட்டினார். சுடர்விழி தட்டினாள். பூஜ்யம் வந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"சரி, இப்ப வண்டிய உள்ள விடு" என்றார் சக்கரபாணி. "நேத்து வாங்குன கீர வீட்டுக்கு வரல. வாங்கணும்."

அம்மாவாசை அதே டோக்கனை ஆணியிலிருந்து திரும்ப எடுத்து, போர்டைப் பார்த்து, உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.